இரை குத்தாத தூண்டில்

"உந்தக் கொளுக்கியிலை மாட்டையும் கட்டித் தூக்கலாம் போலை கிடக்கு."

"மாடு இல்லையப்பா, திருக்கை. மாட்டளவு பாரமும் வரும்."

"வந்தால் ஆர் தூக்கிறது? நீங்களோ? போன கிழமை காஸ் சிலிண்டரைத் தூக்கிப்போட்டு ரெண்டு நாள் எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தனீங்கள்."

"தூக்கிறேல்லை. திருக்கை கொளுக்கியிலை பட்டவுடனை நிலத்தோடை தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். பலத்தைக் காட்டி இழுத்தியோ, கயிறுதான் அறும். கயிறை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருக்கவேணும். அலுப்புத் தட்டி அதாவே எழும்பும். எழும்பின கையோடை இழுத்துப் போடவேணும்."

"பேசாமல் இருக்கிறதுக்கு உங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேணுமே?"

கேதீஸ்வரிக்குப் புருசன் நாகலிங்கத்தோடு பேசின அந்தப் பேச்சு ஒரு சொல் தவறாமல் நினைவிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரம். மயிலிட்டியில் அவர்களுடைய வீட்டுப் பின்வளவில், வேப்பமரத்தின் கீழே, நாகலிங்கம் புதுத் தூண்டில் கொளுக்கிகளை ஒரு சாக்கில் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் அவளுடைய நடுவிரல் நீளம். மகன் லக்சன் அவற்றுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அம்மாவை மீன்பிடிப் போட்டிலே ஏற்றிக்கொண்டு போனால் திருக்கை ஏச்சுக்குப் பயந்தே எழும்பிவிடும் என்று அவன் சொல்ல, குசினிக்குள் நின்ற மகள் துஷாந்தினி சிரித்த சிரிப்பு வேலிக்கு வெளியே கேட்டது.

நாகலிங்கம் விருப்பப்பட்டுத் தூண்டிலுக்கு மாறவில்லை. அவருடையது வலைத்தொழில். இழுவைப்படகுகள் வருகிற நாட்களில் கடலில் விட்ட வலை காலையில் கந்தலாய்க்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் வலை போனபோது அவர் இரண்டு நாள் கரையில் சும்மா இருந்தார். பிறகுதான் அடித்தூண்டிலைக் கையில் எடுத்தார்.

அது சொல்லுகிற அளவுக்கு எளிய தொழில் அல்ல. சுண்டுவிரல் தடிப்பில் ஒரு தாய்க்கயிறு. கை இரண்டையும் விரித்த நீளம் ஒரு பாகம்; அதில் இரண்டு பாகத்துக்கு ஒன்றாக முந்நூறு கொளுக்கி. திருக்கை வாயால் அரைத்தே நைலோனை அறுத்துவிடும் என்பதால் கொளுக்கிக்கு மேலே ஒரு முழம் கம்பி. இருபது கொளுக்கிக்கு ஒரு கல்லு, கயிறு நிலத்தில் படுத்திருக்க. இரண்டு முனையிலும் பெரிய கல்லு ஒன்றும், கொடி குத்திய மிதப்பு ஒன்றும். பின்னேரம் விட்டால் விடியப் போய் எடுக்க வேண்டும்.

வீட்டில் பெண்களுக்கும் அதில் பாதி வேலை இருந்தது. சூடை மீனை வாலோடு சரிவாக வெட்டி உப்புப் போட்டு வைக்க வேண்டும். உப்புப் பிடித்த துண்டுதான் கொளுக்கியில் இருந்து கழராது. கயிற்றைப் பனையோலைக் கடகத்துக்குள் வளையம் வளையமாக இறக்கி, கொளுக்கிகளைக் கடகத்தின் விளிம்பில் வரிசையாகக் குத்த வேண்டும். ஒன்று இடம் மாறினால் கடலில் முழுக் கயிறும் சிக்கு. அதற்குத் துஷாந்தினியின் கைதான் தோது. அவள் சங்கக்கடையில் வேலை முடிந்து வந்து, பாட்டுப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் குத்துவாள்.

முதல் வருடம் நன்றாகவே போனது. கொட்டுவான் திருக்கை, சில நாள் ஆளுயரக் கலவாய். வீட்டில் கிழமைக்கு இரண்டு தரம் திருக்கை வறை. லக்சனுக்கு வறையோடு புட்டுத்தான் வேண்டும். சோறு போட்டால் முகம் கோணும்.

போன வருடம் பங்குனியில், ஒரு பின்னேரம், கயிறு விடும்போது லக்சன் கடலுக்குள் போனான். வயது இருபத்துநாலு.

கடைசிக் கல்லைத் தூக்கி எறிந்தபோது அதற்கு அடுத்த கொளுக்கி அவனுடைய கையில் ஏறிவிட்டது. கல்லு இழுத்த இழுப்பில் ஆளும் போய்விட்டான். அந்த இடத்தில் பதினெட்டுப் பாகம் ஆழம். கயிறு அறுந்துபோய்விட்டது என்றுதான் நாகலிங்கம் வந்து சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஊர்ப் போட்டுகள் முப்பதுக்கு மேல் தேடின. கடற்படைச் சுழியோடிகள் இரண்டு நாள் இறங்கினார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் எல்லோரும் திரும்பினார்கள்.

அன்றைக்கு நாகலிங்கம் உப்புப் பூத்த உடம்போடு படலையைத் திறந்தபோது கேதீஸ்வரி முற்றத்தில் நின்றாள். அழுது முடிந்த நேரம் அது. சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"பழங்கயிறோடை என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். கூட்டிக்கொண்டு வாங்கோ. அவன் இல்லாமல் இந்த வீட்டுக்குள்ளை வராதேங்கோ."

அவர் படலையை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

இது நடந்து பதினாலு மாதம். நாகலிங்கம் கரையில், வலைகள் போட்டு வைக்கிற வாடிக் கொட்டிலில் இருந்தார். மகன் போன துக்கத்தில் மனுசன் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று ஊர் சொல்லியது. காரணம் வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்குத்தான் தெரியும். காலையில் துஷாந்தினி வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளில் அவருக்குச் சாப்பாடும், கேதீஸ்வரி வெட்டி உப்புப் போட்ட சூடையும் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பா என்ன சொன்னவர் என்று தாய் கேட்பாள். இவ்வளவு சாப்பாடு காணும் எண்டு சொன்னவர் என்று மகள் சொல்வாள்.

சமைக்கிற மீனும் மாறிவிட்டது. கடலடி நிலத்தில் மேய்கிற எந்த மீனும் குசினிக்குள் வருவதில்லை. ஒருநாள் அயலில் மரியநாயகி அன்பாகத்தான் ஒரு கிண்ணத்தில் திருக்கை வறை கொண்டுவந்து கொடுத்தாள். கேதீஸ்வரி அதை வாங்கி, நன்றி சொல்லி, படலை சாத்தின சத்தம் கேட்ட பிறகு வளவின் மூலையில் குழி தோண்டிப் புதைத்தாள். திருக்கை என்னத்தைத் தின்னும் என்று அவளுக்குத் தெரியும். நிலத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் தின்னும்.

பிள்ளை இல்லை என்பதை அவள் மூன்றாம் மாதமே ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஒருநாள் விடிய அடுப்பை மூட்டும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், அது அவளுக்குள் இறங்கிவிட்டது. கோயில் ஐயரிடம் போய்க் கேட்டாள். உடல் கிடைக்காத ஆளுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, பிறகு கீரிமலைத் தீர்த்தக்கரையில் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம் என்று அவர் சொன்னார். கலியாணம் முடிக்காத பிள்ளை, தகப்பன்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

தகப்பனிடம் அதைக் கேட்க வேண்டியவள் அவள்தான். எத்தனையோ தரம் செருப்பை மாட்டிக்கொண்டு படலை வரைக்கும் போயிருக்கிறாள். கூட்டிக்கொண்டு வாங்கோ என்று சொன்ன வாயால், அவன் செத்துப்போனான், கொள்ளி வையுங்கோ என்று எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து சூடை வெட்டுவாள்.

இதற்கிடையில் துஷாந்தினியின் காரியம் தொங்கிக்கொண்டிருந்தது. வல்வெட்டித்துறைப் பொடியன், பெயர் கஜானன். லக்சன் இருந்த காலத்திலேயே பேசி முடித்த சம்பந்தம். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. பொடியன் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து, விறாந்தையில் இருந்து, ஒரு தேத்தண்ணியை அரைமணித்தியாலம் குடித்துவிட்டுப் போவான். அவனுடைய தாய் குணலட்சுமி போன கிழமை வந்திருந்தாள். குற்றம் சொல்ல முடியாத மனுசி. துஷாந்தினியின் தலையைத் தடவினாள், கொண்டுவந்த மாம்பழங்களைத் தானே கழுவி வைத்தாள். போகும்போதுதான் கேதீஸ்வரியைத் தனியே கூப்பிட்டாள்.

"மச்சாள், குறை நினையாதேங்கோ. செத்த வீட்டுக் காரியம் முடியாத வீட்டிலை எப்பிடி மணவறை போடுறது? ஆடி வரமுந்தி ஏதெண்டாலும் செய்யுங்கோ. எங்கடை இவர் வேறை இடம் பாக்கச் சொல்லி நிக்கிறார். நான்தான் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் துஷாந்தினி, தனக்கு இப்போது கலியாணத்துக்கு அவசரம் இல்லை என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் பொய் சொல்லும்போது உதடு ஒரு பக்கம் இழுக்கும். லக்சனுக்கும் அப்படித்தான்.

வைகாசி பிறந்து சோளகம் வீசத் தொடங்கியது. தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற காற்று. புழுதியை அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டும். கரைக்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அப்படி ஒரு காலையில் தம்பிஐயா வந்து படலையடியில் நின்றான். இருபது வருடமாக நாகலிங்கத்தோடு தொழிலுக்குப் போகிறவன். லக்சன் போன அன்றும் போட்டில் இருந்தவன். கேதீஸ்வரி அவனை வரச்சொல்லித் தேத்தண்ணி வைத்தாள். அவன் கதிரையில் இருக்காமல் தூணோடு சாய்ந்து நின்றான்.

"ஏன் தம்பிஐயா, இண்டைக்குக் கடலுக்குப் போகேல்லையோ?"

"காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டன் அக்கா. அண்ணை தனியத்தான் போயிருக்கிறார்."

"காய்ச்சலோ? மல்லித்தண்ணி வைச்சுத் தரட்டே?"

"காய்ச்சல் இல்லை." அவன் கோப்பையைக் கையில் வைத்து உருட்டினான். "அக்கா, இனிச் சூடை வெட்டாதேங்கோ."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"வெட்டித் தாறதெல்லாத்தையும் அண்ணை கடல்லை கொட்டிறார். இந்தப் பதினாலு மாதமும் ஒரு கொளுக்கிக்கும் இரை குத்தேல்லை. வெறுங் கொளுக்கியோடை, கிணத்துக்குள்ளை வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டி தெரியுமெல்லே, அதிலை நாலைக் கட்டி நிலத்தோடை இழுத்துக்கொண்டு திரியிறார். இண்டைக்கு ஒரு வரம்பு எண்டால் நாளைக்குப் பக்கத்து வரம்பு. வயல் உழுகிற மாதிரி."

"என்னத்துக்கு?"

"அந்தக் கயிறு நிலத்திலை கிடக்கு. அதிலைதானே பிள்ளை..."

கேதீஸ்வரி குசினிப் படியில் குந்தினாள். ஓரிரு மீன் ஏலம் போனதாகவும், ஏதோ தொழில் நடப்பதாகவும் அவள் நம்பியிருந்தாள். அறுந்த கயிற்றை இத்தனை நாளாக ஏன் தேட வேண்டும், அது எங்கே அறுந்தது என்று தெரியாதா என்று கேட்டாள். பழங்கயிறுதானே, அறாமல் என்ன செய்யும் என்று சொன்னாள்.

தம்பிஐயா கோப்பையைக் கீழே வைத்தான்.

"அது புதுக்கயிறு அக்கா. அறுந்தது பேந்துதான். முதல் நடந்தது வேறை. அதைச் சொல்லத்தான் வந்தனான். என்னாலை இனி வைச்சிருக்கேலாது."

அவன் சொன்னது இதுதான். கயிறு விடும்போது எஞ்சின் பிடிக்கிறவருடைய கைக்குப் பக்கத்தில் எப்போதும் கத்தி இருக்கும். கொளுக்கி ஆளைப் பிடித்தால் யோசிக்காமல் வெட்டு. அடித்தூண்டிலுக்குப் போகிற எல்லோரும் முதல்நாள் படிக்கிற பாடம் அது. ஆள் போட்டுக்குள் நின்றால் கடல் பக்கத்துக் கயிற்றை வெட்டினவுடன் ஆள் தப்பிவிடுவான். நாகலிங்கத்தின் கையும் கத்திக்குத்தான் போனது. ஆனால் அந்த நேரம் லக்சன் போட்டில் இல்லை. விளிம்பைத் தாண்டிவிட்டான். முனைக்கயிறு இன்னும் போட்டில் கட்டியபடிதான் இருந்தது.

"ஆள் தண்ணிக்குள்ளை போனபிறகு அந்தக் கயிறுதானே அக்கா ஆளைப் பிடிச்சிருக்கிற கை. அண்ணை அதை வெட்டிப்போட்டார். வெட்டாதேங்கோ எண்டு நான் கத்தினனான். கை முந்திப்போட்டுது. வெட்டினபிறகுதான் அவருக்கு விளங்கினது. கத்தியையே பாத்துக்கொண்டு நிண்டார். நான்தான் எஞ்சினைத் திருப்பி மற்ற முனை மிதப்புக்கு ஓடினனான். அங்கையிருந்து இழுத்தம். பாதி வந்தது. கடலடிக் கல்லுப் பாரிலை கொளுவி அறுந்துபோச்சு."

வேப்பம்பழம் ஒன்று தகரத்தில் விழுந்து உருண்டது. பழங்கயிறு என்று தான் சொன்னபோது நாகலிங்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேதீஸ்வரிக்கு இப்போது விளங்கியது. அவள் சொன்ன தண்டனை அவருக்குக் குறைவாகத்தான் பட்டிருக்கும். அந்தத் தண்டனைக்குள்ளேயே ஒதுங்கி நின்றுவிட்டார். வீட்டுக்கு வராதேங்கோ என்பதை அவள் ஒரு பின்னேரம் சொன்னாள். அவர் அதை நாளும் பொழுதுமாகச் செய்துகொண்டிருந்தார்.

கோபம் வந்தது. வராமல் இல்லை. எழும்பி உள்ளே போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். லக்சனுடைய சேட் இன்னும் கொடியில்தான் தொங்கியது. கிழமைக்கு ஒரு தரம் தோய்த்துக் காயப்போடுவாள். அதை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். வெளியே வந்தபோது செருப்புக்கூடப் போடவில்லை.

"வா" என்று தம்பிஐயாவிடம் சொன்னாள்.

கரைக்கு வந்து சேர நல்ல வெய்யில். அந்தப் பதினாலு மாதத்தில் அவள் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தரம். கரையில் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம். நாகலிங்கத்தின் போட் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் எதையோ கட்டி இழுத்தபடி. தண்ணீர் முழங்காலளவு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. கொட்டுவான் திருக்கை. ஆறு பேர் கயிறு போட்டு இழுத்தும் அது மணலில் உராய்ந்து உராய்ந்துதான் ஏறியது. விரித்த பாயைவிட அகலம். வாலில் இருந்த முள்ளை அவர் ஏற்கெனவே வெட்டியிருந்தார். இரைக்கு வந்த மீன் அல்ல அது. நிலத்தில் ஒட்டிக் கிடந்ததைப் பாதாளக்கரண்டி செட்டையில் கொளுவிக்கொண்டு வந்திருந்தது.

கரையில் நின்றவர்களுக்குச் சந்தோசம். நாகலிங்கண்ணைக்கு நல்ல காலம் திரும்பிவிட்டது என்று ஒருவர் சொன்னார். கூலர் வாகனத்தில் மீன் ஏற்றுகிற கிறிஸ்துநாயகம் தராசோடு ஓடிவந்தான்.

"அப்பிடியே முழுசா நிறுப்பம் அண்ணை. இது கொழும்புக்குப் போற சாமான்."

"பொறு" என்றார் நாகலிங்கம். "முதல்லை வயிறு."

"வயிறு கிழிச்சால் பழுதாப்போம் அண்ணை. சும்மா விடுங்கோ."

அவர் காதில் வாங்கவில்லை. கூட்டத்தின் சத்தம் குறைந்தது. தெரிந்தவர்கள் பின்னால் தள்ளி நின்றார்கள். தம்பிஐயா கேதீஸ்வரியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். வேறு ஆட்கள் பிடிக்கிற பெரிய மீன்களையும் அவர் இப்படிக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர் என்று அவன் வழியில் சொல்லியிருக்கவில்லை. அவள் இப்போதுதான் அதை அந்த முகங்களில் இருந்து தெரிந்துகொண்டாள்.

நாகலிங்கம் மணலில் முழங்காலூன்றி, திருக்கையைப் புரட்டச் சொன்னார். வெள்ளை வயிறு மேலே வந்தது. கத்தியை நுனியால் மட்டும் பிடித்து, உள்ளே எதுவும் வெட்டுப்படாதபடி, பிறந்த பிள்ளையின் நகம் வெட்டுகிறவர் மாதிரிக் கிழித்தார். இரைப்பையை வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்தார். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகக் கழுவி மணலில் அடுக்கினார். நண்டு ஓடு. நொருங்கின மட்டி. சேறு. இன்னொரு நண்டின் கால். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வெயிலுக்குப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவாய் ஓடு. அதையும் வைத்தார்.

"இல்லை" என்றார். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு கிறிஸ்துநாயகத்தைப் பார்த்து, "இனிக் கொண்டுபோ."

ஏழெட்டுப் பேர் வந்து மீனைத் தூக்கினார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. போட்டுக்குப் போய் இழுவைக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். கேதீஸ்வரி மணலில் நடந்து கிட்டப் போனாள். அருகில் வந்த பிறகுதான் அவருடைய கைகளைக் கண்டாள். உள்ளங்கை முழுவதும் கயிறு அறுத்த தழும்பு, தழும்புக்கு மேலே புதுக் காயம். சேட்டுப் பொத்தான்கள் இடம் மாறிப் பூட்டியிருந்தன. தாடி முழுக்க வெள்ளை.

அவர் நிமிர்ந்து அவளைக் கண்டார். பதறிப்போய் எழும்பினார்.

"ஏன் வந்தனீ? பிள்ளைக்கு ஏதுமே?"

"துஷாக்கு ஒண்டுமில்லை. வேலைக்குப் போயிட்டாள்."

அவளுக்குப் பின்னால் நின்ற தம்பிஐயாவைப் பார்த்தார். அவனுக்குக் காய்ச்சல் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த கயிறு நழுவி மணலில் விழுந்தது.

"சொல்லிப்போட்டானோ?"

"ஓம்."

"வெட்டினது நான்தான் கேதீஸ்."

"ஓம்."

வரும் வழியெல்லாம் அவள் எதை எதையோ அடுக்கிக்கொண்டு வந்தாள். குணலட்சுமி சொன்னதில் இருந்து தொடங்கி, ஐயர் சொன்னதற்கு வந்து, பிறகு மெல்லக் கேட்பது என்று நினைத்திருந்தாள். அந்த ஒழுங்கெல்லாம் போய்விட்டது. அவர் குனிந்து கயிற்றை எடுத்தார். அவளைப் பார்க்காமல், அவசர அவசரமாகப் பேசினார்.

"பாருக்கு மேற்காலை இன்னும் பாக்கேல்லை. அங்காலை சேறு. சேத்துக்குள்ளை கயிறு புதைஞ்சிருக்கும். ரெண்டு கரண்டி கூடக் கட்டினால்... இந்தச் சோளகத்துக்குள்ளை முடிச்சிடுவன். நீ சொன்னதை நான் மறக்கேல்லை. கொண்டுவந்து தருவன்."

அவள் கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ. தேடினது காணும். நான் அண்டைக்குச் சொன்னது பிழை. பிள்ளை செத்துப்போனான், இனி வரமாட்டான். நீங்கள் வீட்டை வாங்கோ. குளிச்சுப்போட்டு ஒரு வாய் சாப்பிடுங்கோ. நாளைக்கு ஐயரைப் போய்ப் பாப்பம். கீரிமலையிலை அவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சு விடுங்கோ. வேறை ஆரும் செய்யேலாது, நீங்கள்தான் இறைக்கவேணும்."